இரண்டு மணப்பெண்கள், 1930களின் உடை: ஆலோசனை வேண்டும்

பழைய ஆல்பம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நானும் என்னவளும் இன்னும் ஏழு மாதத்தில் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம். அறுபது பேரை அழைக்கிறோம், அதற்கு மேல் ஒருவர்கூட இல்லை. விண்டேஜ் பாணியில், அதிலும் 1930களின் பாணியில் நடத்த வேண்டும் என்பது இருவருடைய ஆசை. அந்த ஆசை எப்படி வந்தது என்று சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய திருமணப் புகைப்படங்களைச் சேர்ப்பது என் பழக்கம். எங்கள் குடும்பத்துப் படங்களை அல்ல, முன்பின் தெரியாதவர்களின் படங்களை. வீட்டைக் காலி செய்கிறவர்கள், யார் என்றே தெரியாமல் போன உறவினர்களின் படங்களைப் பெட்டியோடு கொடுத்துவிடுவார்கள். அப்படிச் சேர்ந்தவை இப்போது 212 இருக்கின்றன. சிலவற்றில் அட்டையின் மூலை உதிர்ந்துவிட்டது. பலவற்றின் பின்பக்கத்தில் பென்சிலால் தேதி மட்டும் எழுதியிருக்கும், பெயர் இருக்காது. அவள் முதன்முதலாக என் வீட்டுக்கு வந்த அன்று இந்தப் பெட்டியைத்தான் எடுத்துக் காட்டினேன். தரை முழுக்கப் பரப்பி வைத்து நள்ளிரவு தாண்டியும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் முகங்களைப் பார்ப்பேன். அவள் கைகளைப் பார்த்தாள். பூங்கொத்தின் காம்பை இறுக்கிப் பிடித்த கை, பக்கத்தில் நிற்பவரின் முழங்கையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் கை, கையுறைக்குள் மோதிரம் புடைத்துத் தெரியும் கை. இவளோடுதான் வாழப் போகிறேன் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டது.

அந்த 212 படங்களிலும் ஓர் ஆணும் ஒரு பெண்ணும்தான் நிற்கிறார்கள். 213ஆவதாக எங்கள் படம் அந்தப் பெட்டிக்குள் போக வேண்டும். பார்ப்பவர்கள் எந்தக் காலம் என்று ஒரு நொடி தடுமாற வேண்டும். இதுதான் எங்கள் திருமணத்தின் மூலக்கரு. மற்ற அலங்காரமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் திட்டமிடத் தொடங்கியதிலிருந்து ஓர் உறுத்தல் இருக்கிறது. எந்தக் காலத்தின் அழகை எடுத்து உடுத்திக்கொள்ள நினைக்கிறேனோ, அந்தக் காலம் எங்கள் இருவரையும் வாசலிலேயே நிறுத்தியிருக்கும். ஒரே பாலினத்தவரின் திருமணத்தை உலகிலேயே முதலாவதாக நெதர்லாந்து சட்டப்படி நடத்தியது 2001 ஏப்ரல் 1 அன்று. அப்படிப் பார்த்தால் 'விண்டேஜ் லெஸ்பியன் திருமணம்' என்பதே நடக்காத ஒன்றைப் போலச் செய்து காட்டுவது ஆகிவிடுமா? இதை அவளிடம் கேட்டேன். "நடக்கவில்லை என்று உனக்கு யார் சொன்னது?" என்று திருப்பிக் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

இனி நடைமுறைச் சிக்கல்கள். எனக்கு ஒரு கவுன் கிடைத்திருக்கிறது. தந்த நிறப் பட்டு, 1930களில் தைத்தது என்று கொடுத்தவர் சொன்னார். ஜிப் கிடையாது, இடது விலாப்பக்கம் பிரஸ் பட்டன் வரிசை. பதினொன்று இருக்க வேண்டிய இடத்தில் பத்துதான் இருக்கின்றன. போட்டுப் பார்த்தபோது தண்ணீர் போல உடம்பில் விழுந்தது. கண்ணாடியில் என்னைப் பார்த்து அழுதுவிட்டேன். ஆனால் அக்குளுக்குக் கீழே நக அகலத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது, கத்தியால் கோடு போட்டதுபோல நேராக. தைத்து அணியலாமா?

அவளுக்கு சூட். அதில் அவளுக்கு மறுபேச்சே இல்லை. ஒரு பழைய ஆண்கள் கோட்டைப் போட்டுப் பார்த்தாள். தோள்பட்டை இரண்டு விரல் அகலத்துக்கு வெளியே தொங்குகிறது. இதைச் சரிசெய்ய முடியுமா?

மூன்றாவது, அந்தப் படம். டின்டைப், அதாவது உலோகத் தகட்டிலேயே நேராகப் பதியும் பழைய வகைப் படம், எடுக்கும் கலைஞர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டோம். அது எங்களுக்குப் பொருந்துமா?

அழைப்பிதழை மட்டும் முடித்துவிட்டோம். பழைய அச்சு மாதிரிகளில் எல்லாம் 'மணமகன்', 'மணமகள்' என்று இரண்டு கட்டங்கள். எதை அடித்து எதை எழுதுவது என்று ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருந்தோம். பிறகு அவள்தான் சொன்னாள், தமிழில் 'மணமக்கள்' என்று ஒரு சொல் தயாராக இருக்கிறதே என்று. அந்த ஒரு சொல்லுக்குக் கீழே எங்கள் இரண்டு பெயர்களும் போகின்றன.

ஊசிமுனை:

தோழி, வாழ்த்துகள். நான் உடையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். பழைய துணிகளைச் செப்பனிடுவதே இருபது வருடமாக என் தொழில்.

தையல் பிரிந்திருந்தால் கவலையே இல்லை, அரை மணி நேர வேலை. ஆனால் நீங்கள் எழுதியிருப்பது 'கத்தியால் கோடு போட்டதுபோல நேராக' என்று. அதைப் படித்ததும் எனக்குக் கவலையாகிவிட்டது. பட்டே இழை வழியாகப் பிளந்துகொண்டு போகிறது என்றால் அது வேறு நோய். கச்சாப் பட்டின் மேலிருக்கும் பசையை நீக்கும்போது எடையில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். பட்டு எடைக்கு விற்ற சரக்கு. உற்பத்தியாளர்கள் அந்த இழப்பை ஏற்பார்களா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, உலோக உப்புகளில், பெரும்பாலும் வெள்ளீய உப்பில், பட்டை ஊறவைத்து எடையை ஏற்றினார்கள். 1930களின் துணிகளிலும் இது உண்டு. அப்படிச் செய்த பட்டு கனமாக, மிக அழகாக விழும். நீங்கள் கண்ணாடியில் பார்த்தது அந்த அழகாகவே இருக்கலாம். ஆனால் அந்த உப்பு உள்ளிருந்தே இழையைத் தின்றுகொண்டிருக்கும். அதற்கு மருந்து இல்லை. ஒரு கீறலைத் தைத்தால் தையலுக்குப் பக்கத்திலேயே அடுத்தது பிளக்கும்.

முதலில் சோதித்துப் பாருங்கள். கவுனை உள்பக்கம் திருப்பி, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்துக் கிடத்துங்கள். இழுக்காதீர்கள். விளக்கைப் பக்கவாட்டில் வைத்து மடிப்புகளைப் பாருங்கள்; இன்னும் பிளக்காத மெல்லிய கோடுகள் தெரிகின்றனவா? பிறகு உள்தையலின் ஓரத்திலிருந்து நான்கைந்து இழைகளை மட்டும் உருவி எடுத்து, கவுனை வேறு அறையில் வைத்துவிட்டு, இடுக்கியால் பிடித்து உலோகத் தட்டின் மேல் எரியுங்கள். சுத்தப் பட்டு சுருண்டு, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிமணியாக நிற்கும். எடை ஏற்றிய பட்டு எரிந்த பிறகும் இழையின் வடிவம் அப்படியே சாம்பல் எலும்புக்கூடாக நிற்கும். ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். காகிதம் எரிகிற வாசனை வந்தால் அது பட்டே அல்ல, ரேயான் என்ற செயற்கைப் பட்டு. ரேயான் நனைந்தால் வலுவிழக்கும். எந்தக் காரணத்துக்காகவும் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள்.

இன்னொன்று, இப்போதே எழுந்து போய்ச் செய்யுங்கள்: கவுன் ஹேங்கரில் தொங்கினால் எடுத்துப் படுக்க வையுங்கள். தண்ணீர் போல விழுகிறது என்றால் அது துணியைக் கிராஸாக, நாற்பத்தைந்து பாகை சாய்த்து வெட்டித் தைத்தது. பாரிஸில் மதலேன் வியோனே 1920களில் இந்த வெட்டைக் கொண்டுதான் பெயர் பெற்றார். 1930களில் அது எங்கும் பரவியது. பாவும் ஊடையும் சாய்வாக ஓடுவதால் துணி எல்லாப் பக்கமும் நெகிழும், உடம்பின் வளைவைத் தானே தேடிக்கொள்ளும். அதே காரணத்தால் தொங்கவிட்டால் சொந்த எடையிலேயே நீண்டுகொண்டு போகும்.

சோதனை எப்படி முடிந்தாலும், அந்தக் கவுனில் நாள் முழுவதும் உட்கார்ந்து எழுந்து நடனமாடலாம் என்று நினைக்காதீர்கள். வியர்வையும் அக்குள் இழுப்பும் அதைக் கொன்றுவிடும். கவுனைப் பிரிக்காமலே அதன் மேல் அளவெடுத்து மாதிரி வெட்டத் தெரிந்த தையல்காரரைத் தேடுங்கள். அந்த மாதிரியை வைத்துப் புதிய பட்டுக் கிரேப்பில் தையுங்கள். பழையது நலமாக இருந்தால் படத்துக்காக மட்டும் பத்து நிமிடம் நின்றபடி அணியுங்கள். அதைத் தைத்த கைகளுக்குச் செய்யும் மரியாதையாக இதை நான் சொல்கிறேன்.

கோட்டு விஷயத்தைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். இடுப்பைப் பிடிக்கலாம், கையைக் குறைக்கலாம். தோளை இரண்டு விரல் உள்ளே கொண்டுவருவது கோட்டையே பிரித்துப் புதிதாகத் தைப்பதற்குச் சமம். விட்டுவிடுங்கள். அவர் அளவுக்கே தைத்துக்கொள்ளட்டும்: அகலமான காலர் மடிப்பு, தொப்புள் வரை ஏறும் பேன்ட், முன்பக்கம் பிளீட், அகலமான கால்கள், பெல்ட்டுக்குப் பதில் சஸ்பெண்டர். அந்த உயரமான இடுப்புதான் 1930களின் முத்திரை. தாழ்ந்த இடுப்பில் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் காலம் பொய்த்துவிடும்.

இரண்டாம் வரிசை:

எனக்கு வேறு ஒரு கருத்து இருக்கிறது, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருத்தி சூட், ஒருத்தி கவுன் என்று நின்றால் அறுபது பேரில் பாதிப்பேர் மனதில் "இவர்களில் மாப்பிள்ளை யார்?" என்ற கேள்வி வந்துவிடும். விண்டேஜ் பாணி அதை இன்னும் கூட்டும், ஏனென்றால் பழைய திருமணப் படம் என்றாலே கண் தேடுவது அந்த இருவரைத்தான். என் திருமணத்தில் மண்டபத்துக்காரர் படிவத்தில் மணமகன் என்ற இடத்தில் என் பெயரை எழுதி வைத்திருந்தார். நான் குட்டை முடி வைத்திருந்தேன் என்பதைத் தவிர வேறு காரணமில்லை. ஐந்து வருடமாகிறது, இன்னும் வலிக்கிறது. நாங்கள் இருவரும் கவுனே அணிந்தோம். நீங்களும் யோசியுங்கள். இரண்டு பெண்கள் என்பது பார்த்தவுடன் தெரிய வேண்டாமா?

மாலைவெயில்:

இரண்டாம் வரிசை அவர்களே, உங்களுக்கு நடந்தது அநியாயம். அந்த வலி எனக்கும் தெரியும். ஆனாலும் சூட் மாப்பிள்ளையிடமிருந்து இரவல் வாங்கியது என்ற எண்ணத்தோடு நான் உடன்படவில்லை. அதுவும் குறிப்பாக 1930கள் என்று வரும்போது!

பாரிஸின் மோன்பர்னாஸ் பகுதியில் 'லு மோனோக்ல்' என்று பெண்களுக்கான இரவு விடுதி ஒன்று இருந்தது. புகைப்படக் கலைஞர் பிராசாய் 1932இல் அங்கே எடுத்த படங்கள் இன்றும் இருக்கின்றன. ஒரு மேசையில் சூட் அணிந்த பெண்ணும் கவுன் அணிந்த பெண்ணும் நெருங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் என்று யாரையும் ஏமாற்ற அவர்கள் வந்து உட்காரவில்லை. அந்த அறைக்குள் அது பெண்களின் உடை. நியூயார்க்கின் ஹார்லெமில் கிளாடிஸ் பென்ட்லி வெள்ளை டக்ஸீடோவும் உயரத் தொப்பியும் அணிந்து பியானோ வாசித்துப் பாடினார். கறுப்பினப் பெண், அந்த உடையோடுதான் புகழ் பெற்றார். 1930இல் மார்லீன் டீட்ரிச் டெயில்கோட்டும் உயரத் தொப்பியுமாகத் திரையில் தோன்றி இன்னொரு பெண்ணின் உதட்டில் முத்தமிட்டார். ஆகவே பழைய ஆல்பம் அவர்களே, உங்கள் துணைவி அந்த சூட்டை அணியும்போது உடுத்துவது தன் பாட்டிமார் விட்டுப்போன உடையைத்தான்.

உங்கள் பெரிய கேள்விக்கும் அவர் சொன்னதுதான் சரி: நடக்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? ஸ்பெயின் நாட்டின் லா கொருனியாவில், புனித ஜோர்ஜ் தேவாலயத்தில், 1901 ஜூன் 8 அன்று எலிசா, மார்செலா என்ற இரண்டு பள்ளி ஆசிரியைகள் திருமணம் செய்துகொண்டார்கள். எலிசா முடியை வெட்டி, சூட் அணிந்து, 'மாரியோ' என்ற பெயரில் போய் நின்றார். விஷயம் வெளியே தெரிந்ததும் பத்திரிகைகள் துரத்தின, காவல்துறை தேடியது. இருவரும் போர்ச்சுகலுக்கும் அங்கிருந்து அர்ஜென்டினாவுக்கும் ஓட வேண்டியிருந்தது. அவர்களுடைய திருமணப் புகைப்படம் இன்றும் இருக்கிறது. நீங்கள் இல்லவே இல்லை என்று நினைத்த அந்தப் படம்! நெதர்லாந்துக்கு ஏறக்குறைய நூறு வருடம் முன்பு.

அவர்களுக்கு அந்த சூட் ஒரு கேடயம். அதைப் போடாமல் தேவாலயத்துக்குள் நுழைந்திருக்க முடியாது. உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, பிடித்ததால் அணிகிறீர்கள். இந்த வித்தியாசத்தை மட்டும் விழாவில் எங்காவது காட்டுங்கள் என்பேன். நானும் என் துணைவியும் நுழைவாயில் மேசையில் இத்தகைய பழைய பெண்களின் படங்களை வைத்து, ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி எழுதிவைத்தோம். வந்தவர்கள் அங்கேயே நின்று படித்தார்கள். மாப்பிள்ளை யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பூ இன்னும் முடிவாகவில்லை என்றால் வயலட். பண்டைக் கிரேக்கப் பெண் கவிஞர் சாஃபோவின் கவிதையில் பெண்கள் சூடிய மாலைகளில் வயலட் உண்டு. 1926இல் நியூயார்க்கில் மேடையேறிய ஒரு நாடகத்தில் ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்கு வயலட் கொத்து அனுப்புவாள். அதன் பிறகு அந்தப் பூ பெண்களுக்கிடையிலான காதலின் அடையாளமாகவே ஆகிவிட்டது. காம்பு குட்டை, சீக்கிரம் வாடும். கடைசி நிமிடம் வரை ஈரத்துணி சுற்றிக் குளிரில் வையுங்கள். கோட்டின் மடிப்பில் ஒரு சிறு கொத்து போதும்.

பழைய ஆல்பம்:

மாலைவெயில் அவர்களே, எலிசா, மார்செலா படத்தைத் தேடி எடுத்து இருவரும் பார்த்தோம். என்னவள் வழக்கம்போல முதலில் கைகளைத்தான் பார்த்தாள். பிறகு நெடுநேரம் பேசவில்லை.

ஊசிமுனை அவர்களே, உங்கள் பதிலைப் படித்த கையோடு கவுனைப் படுக்க வைத்துவிட்டேன். சோதனைக்கு இந்த வார இறுதி. பயமாக இருக்கிறது.

இரண்டாம் வரிசை அவர்களே, நீங்கள் சொன்னதை அவளிடம் அப்படியே படித்துக் காட்டினேன். "கவுனில் என்னைப் பார்த்தால் நானே யாரோ என்று நினைப்பேன்" என்றாள். எங்களுக்கு அது போதும். ஆனால் உங்கள் பெயரை அந்த இடத்தில் எழுதிய மனிதரை நினைத்து இருவருக்கும் கோபம் அடங்கவில்லை.

இருட்டறை:

ஈரத் தகட்டு முறையில் படம் எடுப்பவன் நான். டின்டைப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

முதல் விஷயம், அது 1930களின் படம் அல்ல. கொலோடியன் என்ற பசைக் கரைசலைத் தகட்டில் பூசும் ஈரத் தகட்டு முறை 1851இல் வந்தது. டின்டைப் அதே பத்தாண்டில். உங்கள் காலத்தில் கறுப்பு வெள்ளை பிலிம்தான். இது உங்களுக்கு முக்கியமில்லை என்றால் மேலே படியுங்கள்.

தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும், ஒரு முறைக்கு ஒரு படம். வெளிச்சத்தைப் பொறுத்துச் சில விநாடிகள் அசையாமல் நிற்க வேண்டும். பழைய படங்களில் மக்கள் விறைப்பாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். விநாடிக்கணக்கில் நிற்கும் புன்னகை முகத்தில் உறைந்துவிடும். வாயைத் தளர்வாக விட்டு, ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து நில்லுங்கள். சாய்ந்தவர்கள் அசைய மாட்டார்கள்.

நிறங்களை இந்த மருந்து நம் கண் பார்ப்பதுபோலப் பார்க்காது. நீலம் வெளுத்துப்போகும். சிவப்பும் மஞ்சளும் கறுக்கும். சிவப்பு உதட்டுச்சாயம் ஏறக்குறைய கறுப்பாக வரும். மஞ்சளேறிய பழைய தந்த நிறக் கவுன் நீங்கள் நினைப்பதைவிட ஒரு படி இருண்டு தெரியும். மாநிறமும் கறுப்பும் உள்ள சருமம் இன்னும் ஆழமாக வரும். இதை எடுப்பவர் முன்கூட்டியே அறிந்து, வெளிச்சத்தை அதற்கேற்ப அமைக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். உங்கள் சருமத்துக்கு நெருக்கமான நிறமுடையவர்களை அவர் எடுத்த தகடுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

கடைசியாக, உங்களுக்கென்றே ஒன்று. டின்டைப்பில் நெகட்டிவ் கிடையாது, தகடுதான் படம். அதனால் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகப் பதியும். மோதிரம் மறு கைக்குப் போகும். ஆண்கள் கோட்டில் இடப்பக்கம் மேலே வரும்படி பொத்தான் போடுவார்கள், பெண்கள் உடையில் வலப்பக்கம் மேலே. உங்கள் துணைவி ஆண்கள் கோட்டு அணிந்து நின்றால், தகட்டில் அது பெண்களின் கோட்டாகப் பதிந்திருக்கும். இதை எழுதும்போதே எனக்குச் சிலிர்க்கிறது.

சரியான 1930களே வேண்டுமென்றால் நடுத்தர அளவுக் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுத்து, பைபர் தாளில், அதாவது பிளாஸ்டிக் பூச்சு இல்லாத பழைய வகைப் புகைப்படத் தாளில், கையால் அச்சிடச் சொல்லுங்கள். உங்கள் பெட்டியிலிருக்கும் 212 படங்களில் பல அந்த வகைத் தாளாகத்தான் இருக்கும். பக்கத்தில் வைத்தால் பொருந்தும். விருந்தினர்களுக்குத் தானியங்கிப் புகைப்படப் பெட்டி வையுங்கள். அனடோல் ஜொசெஃபோ 1925இல் நியூயார்க்கின் பிராட்வேயில் திறந்தது. எட்டு நிமிடத்தில் எட்டுப் படம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது உள்ளே இருப்பவர்களை மறைக்கும் அந்தத் திரைச்சீலை. புகைப்படக்காரர் இல்லை, கழுவிக் கொடுக்கும் கடைக்காரர் இல்லை. உள்ளே இரண்டு பேர் என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் காலத்தில் இருவராக முத்தமிட்டுக்கொண்ட பெண்களுக்கும் ஆண்களுக்கும் அந்தத் திரை எவ்வளவு பெரிய இடமாக இருந்திருக்கும்!

இசைத்தட்டு:

கிராமபோன் வைக்கும் எண்ணம் இருந்தால் ஒரே வார்த்தை: அறுபது பேர் பேசும் இடத்தில் அது கேட்காது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்து அங்குலத் தட்டு ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம் ஓடும். உங்கள் இருவரின் முதல் நடனத்துக்கு மட்டும் வைத்து, எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொல்லுங்கள். எஃகு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், மறக்காதீர்கள்.

ஊசிமுனை:

உடையைப் பற்றி மட்டும் பேசுவேன் என்றேன், முடியவில்லை. நான் தைக்கிறவள் என்பதால் என் மனதுக்கு மிக நெருக்கமான இரண்டு பேரைச் சொல்லாமல் போக மாட்டேன். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வேபிரிட்ஜ் என்ற சிற்றூரில் சாரிட்டி பிரையன்ட், சில்வியா டிரேக் என்ற இருவர் 1807 முதல் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். சாரிட்டி 1851இல் இறக்கும்வரை நாற்பத்து நான்கு வருடம். தொழில் தையல். ஊராருக்குத் துணி தைத்துக் கொடுத்தே வீட்டை நடத்தினார்கள். சாரிட்டியின் அண்ணன் மகனான கவிஞர் வில்லியம் கல்லன் பிரையன்ட், அவர்களுடைய பந்தம் திருமணத்துக்குக் குறையாத புனிதம் உடையது என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். இருவரும் ஒரே கல்லின் கீழ் அடக்கமாகியிருக்கிறார்கள்.

அவர்கள் ஒன்றுசேர்ந்தபோது புகைப்படம் வராத காலம். அவர்களுடைய நிழலுருவங்கள், காகிதத்தில் வெட்டிய பக்கவாட்டு முகங்கள், ஒன்றாகச் சேர்த்து வைக்கப்பட்டு, சுற்றிலும் பின்னிய தலைமுடியோடு இன்றும் இருக்கின்றன. நீங்கள் உங்கள் முகங்களையும் அப்படி வெட்டி அழைப்பிதழில் போடலாமே. கறுப்புக் காகிதமும் நல்ல கத்தரிக்கோலும் போதும்.

சோதனை என்ன ஆயிற்று? சொல்லுங்கள்.

பழைய ஆல்பம்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னியுங்கள்.

இழைகளை எரித்தேன். சாம்பல் இழையாகவே நின்றது. ஊசிமுனை சொன்ன அந்த எலும்புக்கூடு. பக்கவாட்டு வெளிச்சத்தில் இடுப்பைச் சுற்றி இன்னும் ஏழெட்டுக் கோடுகள் தெரிந்தன. அன்று சாப்பிடவே தோன்றவில்லை. எனக்கென்று தைத்ததுபோல இருந்த ஒன்று, நான் தொடுவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. என்னவள் கவுனை மறுபடியும் மடக்காமல் மெல்லிய தாளில் சுற்றி, பெட்டியில் கிடத்தி, மூடியின் மேல் கையை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

இப்போது மாதிரி வெட்டத் தெரிந்த ஒருவர் கிடைத்துவிட்டார். எண்பது வயதை நெருங்கும் அம்மா. கவுனைப் பிரிக்காமல், ஊசியே குத்தாமல், அதன் மேல் மெல்லிய துணியை விரித்து, விரல் நுனியால் தையல்களைத் தடவித் தடவிப் பென்சிலால் கோடு இழுத்தார். ஒரு பக்கத்தை எடுக்கவே மூன்று மணி நேரம் ஆனது. இடது பக்கம் வந்ததும் நிறுத்தி, "இதைத் தைத்தவள் இடதுகைக்காரி" என்றார். முடிச்சுகள் எல்லாம் எதிர்த்திசையில் போட்டிருக்கின்றனவாம். நான் இத்தனை நாளும் அந்தக் கவுனை அணிந்தவளைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். தைத்தவளும் ஒருத்தி இருந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சூட் தைக்கக் கொடுத்தாயிற்று, தொப்புள் வரை ஏறும் இடுப்போடு. பொத்தான் எந்தப் பக்கம் என்று தையல்காரர் கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை: ஆண்கள் பக்கம், அதாவது தகட்டில் பெண்கள் பக்கம். ஆம், காலம் பொருந்தாவிட்டாலும் ஒரே ஒரு டின்டைப் எடுக்கிறோம். அந்தக் கலைஞர் காட்டிய தகடுகளில் எங்களைப் போன்ற நிறத்தவர்களின் கண்கள் உயிரோடு இருந்தன. பெட்டிக்குப் போகும் 213ஆவது படம் பிலிமில், பைபர் தாளில். அதன் பின்பக்கத்தில் தேதியோடு நிறுத்தப் போவதில்லை. இருவருடைய முழுப் பெயரையும் எழுதி, மேலே 'மணமக்கள்' என்றும் எழுதப் போகிறோம். சூட்டைப் பார்த்து யாரும் வேறாக நினைத்துவிடக் கூடாது. இந்த யோசனைக்கு இரண்டாம் வரிசை அவர்களுக்கு நன்றி. உங்கள் படிவம்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.

இன்னும் ஒரே ஒரு சந்தேகம், ஊசிமுனை அவர்களே. பழைய கவுனிலிருந்து அந்தப் பத்துப் பிரஸ் பட்டன்களையும் எடுத்துப் புதியதில் வைத்துத் தைக்க ஆசையாக இருக்கிறது. எடுக்கும்போது பட்டு இன்னும் பிளக்குமா? பிளக்கும் என்றால் விட்டுவிடுகிறேன். பதினோராவதற்கு என்னவள் தன் கையால் ஒன்றைத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். அவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியாது, இப்போதுதான் பழகுகிறாள்.